அடுப்பு பற்ற வைக்கிற கை

எடது கையில காசு நீட்டுனேன்னு கண்டக்டர் என்ன மொற மொறச்சுட்டுப் போறாரு, பார்த்தீங்களா? அவரு மேல தப்பு இல்லீங்க. காலங்காத்தால மொத டிரிப்பு, மொதக் காசை எடது கையில நீட்டுனா யாருக்கா இருந்தாலும் கோபம் வரும். நானே நாலு பேரை அப்படித் திட்டியிருக்கறேன். ஆனா என்ற வலது கையால குடுத்து அவரு வாங்கியிருந்தாருன்னு வெச்சுக்கங்க, இந்த வண்டி பழனி போய்ச் சேருமோ சேராதோ. அதைச் சொன்னா என்னை எறக்கி உட்டுருவாருங்க.

அட, நீங்க ஏனுங்க அக்கட்ட நவுந்து உக்கார்றீங்க? சீக்கு கீக்கு ஒண்ணும் இல்ல, பயப்படாதீங்க. வலது கையில துண்டைச் சுத்தி வெச்சிருக்கறது காயத்துக்கு இல்லீங்க. சும்மா நல்லா உக்காருங்க. டிக்கெட் கேட்ட பேச்சைப் பார்த்தா மதுரைப் பக்கமாட்டத் தெரியுது. பழனி போற வரைக்கும் பழமை பேசிட்டே போலாம். பேசாம இருந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

நான் சாமி கும்பிடப் போகலீங்க. ஓடி வந்துட்டேன். ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. பால் வாங்கிட்டு வர்றேன்னு தூக்குப்போசியை எடுத்துட்டுக் கெளம்புனேன், இதா பாருங்க காலுக்கடியில உருண்டுட்டுக் கெடக்குது. பால்காரர் ஊட்டைத் தாண்டி நடந்தேன். பஸ் ஸ்டாண்டு வந்துச்சு. இந்த வண்டி நின்னுச்சு. ஏறிட்டேன். வேட்டியைப் பாருங்க, புதுசு. முனையில வெச்ச மஞ்ச இன்னும் காயல.

என்ற பொண்ணு இன்னைக்கு ஓட்டல் தொறக்கறாளுங்க. தாராபுரத்துல. ஏழு மணிக்கு மேல ஏழரைக்குள்ள அடுப்பு பத்த வெக்கோணும். நான்தான் பத்த வெக்கோணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. நான் பத்த வெச்சா அந்தக் கடை உருப்படாதுங்க. அவ உருப்பட மாட்டா. அதான் ஓடறேன்.

இப்ப மணி என்னங்க? ஆறே முக்காலுங்களா. சரி.

என்ற பேரு சென்னியப்பன். தொழில் என்னன்னு கேட்டா உங்களுக்குச் சிரிப்பு வரும். உணவுத் தொழில் ஆலோசகர். கார்டே அடிச்சு வெச்சிருக்கறேன், ஆனா பாக்கெட் வலது பக்கம் இருக்குது, இப்ப எடுக்க முடியாது. பெரிய ஊர்ல இதுக்கெல்லாம் ஏசி போட்டு ஆபீஸ் வெச்சிருப்பாங்க. எங்கூர்ல நான் ஒருத்தன்தான். ஒருத்தர் ஓட்டல் வெக்கோணும்னா எடம் பார்க்கறதுல இருந்து, அடுப்பு எந்தப் பக்கம், கை கழுவற எடம் எந்தப் பக்கம், லைசென்ஸுக்கு என்ன பேப்பர், தண்ணி டெஸ்ட், மெனு கார்டு, தோசை எத்தனை கிராம் மாவுல ஊத்தோணும், அத்தனையும் நான் சொல்லுவேன். சொல்லுவேன்னா, சொல்லத் தயாரா இருந்தேன். கேக்கத்தான் ஆள் இல்ல.

அதுக்கு முன்னால ஒரு காலேஜ் ஆஸ்டல்ல பதினேழு வருசம் ஸ்டோர் கீப்பரா இருந்தேனுங்க. அரிசி பருப்பு அளந்து குடுக்கற வேலை. அந்த வேலை போச்சு, அது வேற கதை. அப்பத்தான் ஓட்டல் லைசென்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர்ல போடோணும்னு வந்துச்சு. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பொறத்தாண்ட இட்லிக்கடை போட இருந்த குப்பணன்ங்கறவரு வந்து, இதைப் போட்டுக் குடுங்கன்னாரு. போட்டுக் குடுத்தேன். கடை தொறக்கற அன்னைக்கு அவருக்குக் காய்ச்சல், கை கிடுகிடுன்னு நடுங்குது. "பேப்பர் எல்லாம் நீங்கதானுங்க பார்த்தீங்க, இதையும் நீங்களே பத்த வெச்சிருங்க"ன்னு தீப்பெட்டியை என்ற கையில குடுத்துட்டாரு. நான் பத்த வெச்சேன். அவ்வளவுதானுங்க நான் செஞ்சது.

அந்தக் கடை ஓடுச்சு பாருங்க, அப்படி ஒரு ஓட்டம். ஒரு வருசத்துல பக்கத்துக் கடையையும் சேத்துப் புடிச்சுட்டாரு. அப்பறம் அவரு மச்சான் ஒரு கடை போட்டாரு, அண்ணா வாங்கன்னாரு, போனேன், பத்த வெச்சேன், அதுவும் ஓடுச்சு. அப்படியே ஏழு கடைங்க. ஏழும் ஓஹோன்னு. ஊருக்குள்ள எனக்குக் கைராசிக்காரர்னே பேரு ஆகிப்போச்சு. என்ற சம்சாரம் ருக்குமணி இருக்கறாளே, அவ மட்டும், "பெரிய தீக்குச்சி கெளம்பிருச்சு"ம்பா. அவ வாயி அப்படி.

ஆனா எனக்கு உள்ளுக்குள்ள ஒரு எரிச்சல் இருந்துச்சுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. ஒவ்வொருத்தருகிட்டயும் நான் சொல்லுவேன், "இருங்க, நான் பிளான் போட்டுத் தர்றேன், அதும்படி நடத்துங்க"ன்னு. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியுமுங்கண்ணா, நீங்க வந்து பத்த வெச்சுட்டுப் போங்க, அது போதும்"பாங்க. மரியாதையாத்தான் சொல்லுவாங்க. சால்வை போடுவாங்க, காலுல உழுவாங்க. ஆனா என்ற பிளான் வேண்டாம். பதினேழு வருசம் ஆயிரம் புள்ளைகளுக்கு அளந்து போட்டவன் நானு. எனக்குத் தெரியாததா? ஏழு பேரும் அவங்க இஷ்டத்துக்குத்தான் நடத்துனாங்க. ஏதோ என்ற கைராசியில தப்பிச்சுட்டாங்க.

போன் அடிக்குது, இருங்க. சம்சாரம். அடிக்கட்டும். பால் எங்கேன்னு கேப்பா.

அப்பத்தான் கோயமுத்தூர்ல மூணு நாள் கிளாஸ் ஒண்ணு நடந்துச்சுங்க. ஓட்டல் நடத்தறவங்களுக்கு. காசு கட்டிப் போனேன். கோட்டுப் போட்ட சார் ஒருத்தர் நடத்துனாரு. அவரு மேடையில ஒரு சாம்பார் வாளியைத் தூக்கி வெச்சாருங்க. "ஒரு ஓட்டல்ல நட்டம் எங்க இருக்குது? இதுல இருக்குது"ன்னாரு. எனக்கு அப்படியே மயிர்க்கூச்செறிஞ்சுது. நம்ம பக்கத்து ஓட்டல் உங்களுக்கே தெரியும். சப்ளையர் வாளியும் கரண்டியுமாச் சுத்தி வந்துட்டே இருப்பான். இட்லி மெதக்கற வரைக்கும் ஊத்துவான். போதும்னு கை காட்டற வரைக்கும் ஊத்துவான். ரெண்டு இட்லிக்கு நாலு கரண்டி. கேட்டா இன்னும் ரெண்டு. ஒரு அளவு உண்டா, கணக்கு உண்டா? அந்த சார் சொன்னாரு, "வாளியை நிறுத்துங்க, கப்பு வையுங்க. ஒரு பிளேட் இட்லிக்கு ஒரு கப்பு. ரெண்டாவது கப்பு வேணும்னா தனி பில்லு." அதோட விட்டாரா, நாற்காலி கட்டையா இருக்கோணும், சாய முடியாம இருக்கோணும், அப்பத்தான் சாப்புட்டதும் எந்திரிப்பாங்கன்னாரு. நான் எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டேன். சர்டிபிகேட் குடுத்தாங்க. பிரேம் போட்டு மாட்டியிருக்கறேன்.

திரும்பி வந்ததும் தாலுக்கா ஆபீஸ் பக்கம் வேலுச்சாமியண்ணன் ஓட்டல் போடறாருன்னு கேள்விப்பட்டேன். சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போய்க் காட்டுனேன். அவருதானுங்க மொத மொத என்ற பிளானை முழுசா ஏத்துக்கிட்டவரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அப்படிப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். ஸ்டீல் கப்பு, கட்டை நாற்காலி, செவத்துல "ஒரு கப்பு மட்டும்"னு போர்டு. தொறக்கற அன்னைக்கு நானே அடுப்பு பத்த வெச்சேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சு மொதப் பந்தி உக்காருது. பார்த்தா, மாரப்பன்னு ஒரு பழைய சப்ளையரு, பழக்க தோசத்துல சாம்பாரை வாளியில நெறைச்சு எடுத்துட்டு வெளிய வர்றான்! எனக்குப் பக்குனு ஆகிப்போச்சு. ஓடிப் போய் வாளியைப் புடுங்குனேன். கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் அப்படியே என்ற வலது கையில கொட்டிருச்சு.

இதா, துண்டை அவுத்துக் காட்டறேன் பாருங்க. தொட்டுறாதீங்க, பார்க்க மட்டும் செய்யுங்க. உள்ளங்கையில ஒரு ரேகை இருக்குதுங்களா? மொழுக்குனு கண்ணாடியாட்ட இருக்குது. கட்டுப் பிரிச்ச அன்னைக்கு நானே பதறிப் போயிட்டேன். சந்தையில கைரேகை பார்க்கற ஒரு பெரியவரு உண்டு. அவருகிட்டப் போய்க் கையை நீட்டுனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாரு. வெளிச்சத்துல புடிச்சுப் பார்த்தாரு. "எதைப் பார்த்து நான் சொல்லட்டும்? ஒண்ணுமே இல்லியேப்பா"ன்னுட்டு, நான் குடுத்த காசை என்ற மடியிலயே திருப்பி வெச்சுட்டாரு. ஏனுங்க, ஜோசியக்காரரு காசைத் திருப்பிக் குடுத்து நீங்க பார்த்திருக்கறீங்களா? இவரு என்னமோ பார்த்துட்டாரு, சொல்லப் பயந்துட்டாருன்னு தோணுச்சு.

அதே மாதிரி ஆச்சுங்க. வேலுச்சாமியண்ணன் கடை அஞ்சு மாசம். மூடிட்டாரு.

காரணம் என்னன்னு நானும் எவ்வளவோ யோசிச்சுப் பார்த்தேன். பிளான்ல ஒரு ஓட்டை கெடையாது. நானே தெனமும் போய்ப் பார்த்துக்கிட்டேன். சுத்தம், அளவு, எல்லாம் அப்படியே. மொத மாசம் ஒரு பெரியவரு சாப்புட வந்தாரு, தாலுக்கா ஆபீசுக்கு மனுக் குடுக்க வந்தவரு. "தம்பி, சாம்பார் உடு"ன்னாரு. மாரப்பன், "கப்புல இருக்குதுங்களே"ன்னான். பெரியவரு கப்பைப் பார்த்தாரு, என்னைப் பார்த்தாரு, பாதி இட்லியை அப்படியே உட்டுட்டுக் கை கழுவிட்டுப் போயிட்டாரு. வேலுச்சாமியண்ணன் வெசனப்பட்டாரு. "ஏனுங்க, வாளியைத் திரும்ப வெச்சுக்கலாமுங்களா, ஆளுக கேக்கறாங்க"ன்னாரு. நான்தான் தைரியம் சொன்னேன். "போனாப் போகட்டுமுங்க, நமக்குத் தரமான கஸ்டமர் போதும்"னேன். அந்த அளவுக்குக் கூட நின்னேன். இருந்தும் கடை போச்சு. அப்ப வேற என்ன காரணம் இருக்க முடியும்? ரேகை போச்சு, ராசி போச்சு.

போன். என்ற பொண்ணு. தாரணி. ஐயோ, அடிச்சுட்டே இருக்கறாளே. எடுத்தா அழுதுருவேன். நிக்கட்டும்.

மணி ஏழாச்சுங்களா? ஏழாகிப் போச்சு. இந்நேரம் வாழைமரம் கட்டி, இலையில தேங்காய் பழம் வெச்சு, வாசல்ல நின்னு என்ற வழியைப் பார்த்துட்டு இருப்பா.

அப்பறம் உடுமலை ரோட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேரு கடை. அதே பிளான். நான்தான் பத்த வெச்சேன், கை ஆறிப்போச்சுல்ல, இனி ஒண்ணும் இல்லைன்னு நெனச்சேன். நாலு மாசம். கடையும் போச்சு, அண்ணன் தம்பிக்குள்ள பேச்சுவார்த்தையும் போச்சு.

மூணாவது ஈஸ்வரியக்கா. அதைச் சொல்றதுக்கே எனக்கு நாக்கு எழமாட்டீங்குது.

ஈஸ்வரியக்கா பதினெட்டு வருசமா மெஸ் நடத்துனவங்க. புருசன் இல்ல. ஒரு ஓட்டு ஊடு, நாலு பெஞ்சு, புதன்கிழமையானா அரிசிம்பருப்பு சாதம். புதன்கிழமை அந்த சந்துல வண்டி நிறுத்த எடம் இருக்காதுங்க. அந்தக்கா கையாலயே வாளியைத் தூக்கிட்டு வந்து ஊத்தும், "இன்னுங் கொஞ்சம் ஊத்திக்க சாமி, மத்தியானம் வரைக்கும் தாங்கோணும்"னு. ஆட்டோக்காரங்க, கட்டட வேலைக்குப் போறவங்க எல்லாம் அங்கதான். நானே அங்க வருசக்கணக்காச் சாப்புட்டவன். அந்தக்கா நல்லா வரோணும்னு எனக்கு ஆசைங்க, சத்தியமா. நானாத்தான் போய்ச் சொன்னேன். "அக்கா, இந்தப் பெஞ்சையெல்லாம் எடுத்துட்டு நான் சொல்றபடி மாத்துங்க, நீங்க எங்கியோ போயிருவீங்க"ன்னேன். தயங்குச்சு. "எனக்கு இதெல்லாம் வருமா தம்பி?"ன்னுச்சு. நான் உட்டனா? ஒரு மாசம் பின்னாலயே சுத்தி, லோன் வாங்கிக் குடுத்து, டைல்ஸ் ஒட்டி, பெஞ்சை எடுத்து, வாளியை எடுத்து, புது அடுப்பு வெச்சு, நானே பத்த வெச்சேன்.

நாலு மாசங்க. பதினெட்டு வருசம் ஓடுன மெஸ்ஸு, நான் பத்த வெச்ச நாலாவது மாசம் பூட்டியாச்சு.

ரோட்டுல என்னைப் பார்த்தா அந்தக்கா ஒரு வார்த்தை தப்பாச் சொன்னதில்லீங்க. "நீ என்ன தம்பி பண்ணுவ, என்ற நேரம்"னு சொல்லிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பை என்னால பார்க்க முடியாது. நான் தலையைக் குனிஞ்சுட்டுப் போயிருவேன். என்ற கையை வெட்டிப் போட்டுறலாமான்னு இருக்கும்.

என்னங்க? என்னமோ சொல்ல வர்றீங்க. வாளியா? வாளிக்கு என்னங்க? அட, நீங்க ஒண்ணு. அது பதினெட்டு வருசமா நட்டப்பட்டுட்டு இருந்த மெஸ்ஸுங்க. அந்தக்காளுக்கே தெரியாம. நான் கணக்குப் போட்டுக் காட்டுன பிற்பாடுதான் அதுக்கே தெரிஞ்சுது. அந்த சார் சொன்னது தப்பா இருக்குமா? அவரு கோட்டுப் போட்டவரு. கையைத்தான் சொல்லோணும். பிளானை ஒண்ணும் சொல்ல முடியாது.

ஊருக்குள்ள அப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. என்ற காதுபடப் பேசுவாங்க. பேக்கரி போடற ஒருத்தர் தெறப்பு விழாப் பத்திரிகையில என்ற பேரைப் போட்டுட்டு, முந்துன நாள் போன் பண்ணி, "அண்ணா, நீங்க சாயங்காலமா வாங்க, காலையில கூட்டமா இருக்கும்"னாரு. சாயங்காலம்னா அடுப்பெல்லாம் பத்த வெச்சு முடிஞ்சிருக்குமுல்ல, அதுக்கு. எனக்குப் புரியாதா? டீக்கடைக்குப் போனா, நான் கிளாஸைத் தொட்டதும் அவன் மொகம் மாறுது. நெசமா மாறுதா, எனக்கு அப்படித் தெரியுதான்னு தெரியல. என்ற பேத்தி மூணு வயசு, யாழினி. தாத்தான்னு ஓடி வந்து வலது கையைத்தான் புடிக்கறா. நான் வெடுக்குனு இழுத்துக்குவேன். கொழந்தைக்கு ஒண்ணும் புரியாது, அழும். கையை வெச்சுட்டு ஏதாவது ஆகிப்போச்சுன்னா? ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லீங்க. இந்தக் கையை எங்க வெச்சுட்டுத் தூங்கறதுன்னே தெரிய மாட்டீங்குது. பயமுன்னா அப்படி ஒரு பயம்.

இப்ப என்ற பொண்ணு கதைக்கு வர்றேன். மருமகன் தங்கமான பையன். மில்லுல வேலை. ரெண்டு வருசம் முன்னால வண்டியில இருந்து உழுந்து இடுப்பு போச்சு. எந்திரிச்சு உக்காருவாரு, அவ்வளவுதான். எல்லாரும் எங்க ஊட்டுலதான் இருக்கறாங்க. தாரணி, "அப்பா, நான் ஒரு ஓட்டல் வெக்கறேன்"னா. போட்ட நகை அத்தனையும் கழட்டிட்டா. தாலிக்கொடியையும் வித்துட்டு மஞ்சக்கயிறு கட்டிட்டு நிக்கறாளுங்க. இது ஓடலீன்னா அவளுக்கு அடுத்து ஒண்ணும் இல்ல. புருசனுக்கு மருந்து, கொழந்தைக்குப் பாலு, எல்லாம் இந்தக் கடைதான். எனக்கும் வருமானம் நின்னு வருசக்கணக்காச்சு.

அவ போய் யாரைச் சமையலுக்குக் கூட்டியாந்திருக்கறா தெரியுங்களா? ஈஸ்வரியக்காளை. "அந்தம்மா கைப்பக்குவம் ஊருக்குள்ள யாருக்கு வருமுங்கப்பா?"ன்னா. இன்னைக்கு விடியறதுக்கு முன்னாலயே அந்தக்கா எங்க ஊட்டுக்கு வந்து சாம்பாரும் சட்னியும் வெச்சு முடிச்சிருச்சு. கடையில இட்லி அடுப்பும் தோசைக்கல்லும் மட்டும்தான் நேரம் பார்த்துப் பத்த வெக்கோணும். ஊட்டுக்குப் பொறத்தாண்ட பொடக்காளியில அந்தக்கா கரண்டியும் கையுமா நிக்கறதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துச் சிரிச்சுது. அந்தச் சிரிப்பைப் பார்த்துட்டுத்தானுங்க தூக்குப்போசியை எடுத்தேன்.

நேத்து நான் தாரணிகிட்டச் சொல்லிப் பார்த்தேன். "அம்மிணி, வேற யாராச்சும் நல்ல கையா வெச்சுப் பத்த வெய்யி. என்ற கை வேண்டாஞ் சாமி"ன்னேன். அவ கோவிச்சுக்கிட்டா. "ஊருக்கெல்லாம் பத்த வெச்சீங்க. எனக்குன்னா மட்டும் முடியாதா? ஊர்ல நாலு பேரு பேசுனா நானும் அதை நம்புவனா? நீங்க வராட்டி நான் பத்தவே வெக்க மாட்டேன்"னு அழுகறா. அப்பன் மேல அத்தனை நம்பிக்கைங்க. அந்த நம்பிக்கைதான் எனக்குப் பெரிய பயம். நான் நின்னா கடை போயிரும். நான் போகலீன்னா நேரம் தப்பிப் போயிரும். ரெண்டு பக்கமும் நெருப்பு. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

மணி? ஏழு இருவதா. ஐயோ. பத்து நிமிசம்தான் இருக்குது. பத்த வெச்சிருப்பாளா? புடிவாதக்காரி, உக்காந்துட்டு இருப்பா. நேரத்தைத் தப்ப உட்டுருவாளோ. முருகா. எனக்குக் கையெல்லாம் ஜில்லுனு இருக்குது பாருங்க. பார்க்காதீங்க, தொட்டுறப் போறீங்க.

ஒரு ஆறுதல் என்னன்னா, அந்தக் கடையில என்ற கை எங்கியும் படலீங்க. படாமப் பார்த்துக்கிட்டேன். ஒரு பாத்திரத்தைக்கூட நான் எடுத்து வெக்கல. பூட்டைத் தொடல. வாசப்படியைத் தாண்டி உள்ள போகல. வெளிய நின்னே வாயால சொன்னேன், அவ்வளவும் அவளே செஞ்சா. பிளான் மட்டுந்தான் நான் போட்டுக் குடுத்தேன். மூணு மாசம் உக்காந்து, வேலுச்சாமியண்ணனுக்குப் போட்டதை விட இன்னும் நுணுக்கமா, கப்பு அளவுகூட இன்னும் கொஞ்சம் சின்னதாக்கி, நாற்காலிக்கு முதுகே இல்லாம. எழுத்துல குடுத்திருக்கறேன். அவ அதை மனப்பாடமே பண்ணிட்டா. அது கெட்டியா இருக்குது. அடுப்பு மட்டும் வேற கையில பத்திருச்சுன்னா அவ பொழைச்சா.

என்னங்க மறுபடியும்? இருங்க இருங்க, போன் அடிக்குது. அவதான். மணி ஏழே முக்காலாகிப் போச்சா? எடுக்கட்டுமுங்களா? எடுக்கத்தான் வேணும். எடது கையில எடுக்கறேன்.

அலோ. அம்மிணி. இல்ல சாமி, அப்பனுக்கு வயித்தால போகுதுடா, ஆசுபத்திரிப் பக்கம் வந்துட்டேன். பஸ் சத்தமா? ரோட்டுல நிக்கறேன், அதான். அழுகாத. அழுகாத கண்ணு. என்னது? என்ன சொன்ன? நீயே பத்த வெச்சுட்டியா? ஏழு இருவத்தஞ்சுக்கா? நேரத்துக்குள்ளயா? நீயேவா? உன்ற கையாலயா?

முருகா. முருகா. கோபமா? எனக்கு எதுக்குடா கோபம்? நல்ல காரியம் செஞ்சம்மா. நல்ல காரியம் செஞ்ச. இல்ல, அழுகல. தூசி.

(ஏனுங்க, பத்த வெச்சுட்டாளாம்! அவளே பத்த வெச்சுட்டாளாம்!)

சொல்லு அம்மிணி. கூட்டம் வந்திருச்சா? பதினஞ்சு பேரா? அதுக்குள்ளயா? ஆட்டோக்காரங்களா? ஈஸ்வரியக்கா சமையல்னு கேள்விப்பட்டு வந்திருக்கறாங்களா? சரி. சரி. ஆமா. என்ன கேக்கறாங்க?

சாம்பாரா? இன்னுங் கொஞ்சம் ஊத்தச் சொல்றாங்களா? ஈஸ்வரியக்கா வாளி எடுத்துட்டு வந்திருக்குதா? அது எதுக்கு எடுத்துட்டு வந்துச்சு? நான்தான் எழுதிக் குடுத்திருக்கறேனே. அதுக்கு என்ன, பாவமா? பாவம்லாம் பார்க்கப்படாது அம்மிணி. நல்லாக் கேட்டுக்க. மொத நாளே வாளியை வெளிய எடுத்தா அதுக்கப்பறம் உள்ள வெக்க முடியாது. எந்திரிச்சுப் போறாங்களா? போனாப் போகட்டும்.

(ஏனுங்க, கையைப் புடிச்சு இழுக்கறீங்க? அந்தக் கையைத் தொடாதீங்கன்னு சொன்னேனுல்ல! போனையா? உங்களுக்கு எதுக்குங்க என்ற பொண்ணுகிட்டப் பேச்சு? இருங்க, முடிச்சுக்கறேன்.)

அம்மிணி, யாரோ பக்கத்துல சத்தம் போடறாங்க, அதை உடு. அந்தக்காளை உள்ள போகச் சொல்லு. வாளியைக் கவுத்து வெய்யி. கப்புதான். ஒரு கப்புதான். அப்பன் சொல்றதைக் கேளு.

சரிங்கப்பான்னு சொல்லு. அம்மிணி?

ம். அப்படிச் சொல்லு. வெச்சர்றேன்.

சரிங்கப்பான்னு சொல்லிட்டாளுங்க. எனக்கு இப்பத்தான் உசுரு வந்துச்சு. இனி பயமில்ல. நான் சொன்னா மறுபேச்சே பேச மாட்டா என்ற பொண்ணு. சின்ன வயசுல இருந்தே அப்படித்தானுங்க.